மீமிசல் கடற்கரையின் இளவேனில் வானிலை

மீமிசல் கடற்கரையின் இளவேனில் வானிலை என்பது, தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில், பாக்கு விரிகுடாவின் வடமேற்குக் கரையில் அமைந்துள்ள மீமிசலிலும் அதனையொட்டிய கடலோர ஊர்களிலும் சித்திரை, வைகாசி மாதங்களில் நிலவும் வெப்பம், காற்று, இடிமழை, கடல்நிலை ஆகியவற்றைக் குறிக்கும். இக்காலத்தில் ஒரு நாள் எவ்வாறு அமையும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, கடலிலிருந்து வீசும் காற்று அன்று எத்தனை மணிக்குக் கரையேறுகிறது என்பதாகும். உச்ச வெப்பநிலை, புழுக்கத்தின் அளவு, மாலையில் இடிமழை உருவாகும் இடம், சிறு படகுகள் கரை திரும்பும் நேரம் ஆகிய அனைத்தும் இதனுடன் தொடர்புடையவை.

பருவ வரையறை

தமிழ் மரபில் ஆண்டு ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரிக்கப்படுகிறது. அவற்றுள் சித்திரையும் வைகாசியும் இளவேனில் எனவும், ஆனியும் ஆடியும் முதுவேனில் எனவும் வழங்கப்படுகின்றன. இந்திய வானிலை ஆய்வுத் துறை மார்ச்சு முதல் மே வரையிலான மூன்று மாதங்களைக் கோடைக்காலமாகக் கொள்கிறது. இவ்விரு பகுப்புகளும் முழுமையாக ஒன்றுடனொன்று பொருந்துவதில்லை. பாக்கு விரிகுடாக் கரையைப் பொறுத்தவரை மரபு வழியிலான பகுப்பே நடைமுறைக்கு நெருக்கமானது எனலாம்.

மீமிசல் ஏறத்தாழ 9.9 பாகை வட அகலாங்கில் அமைந்துள்ளது. எனவே கதிரவன் இவ்வூரின் உச்சிக்கு நேராக வருவது ஏப்ரல் 15 அல்லது 16 அளவிலாகும். அதாவது சித்திரை பிறந்த ஓரிரு நாட்களில். அந்நாளில் நண்பகலில் நேராக நிறுத்திய கம்பிற்கு நிழல் விழுவதில்லை. கதிரவன் வடக்கே சென்று திரும்புகையில், ஆகத்து மாத இறுதியில், மீண்டும் ஒருமுறை இவ்வாறு நிகழும். எனினும் வெப்பம் உச்சமடைவது ஏப்ரல் நடுவில் அன்று. பஞ்சாங்கம் குறிக்கும் அக்கினி நட்சத்திரம் அல்லது கத்திரி வெயில், மே 4 அளவில் தொடங்கி மே 28 அளவில் முடிகிறது. நிலம் வெப்பத்தைச் சேர்த்து வைப்பதற்குச் சில வாரங்கள் எடுப்பது இதற்கு ஒரு காரணம். காற்றின் திசை மாறுவது மற்றொரு காரணம். கடற்கரை ஊர்களில் இரண்டாவது காரணமே வலுவானது.

இழுவைப் படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலமும் இதே இரு மாதங்களில் அமைகிறது. தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் 2001 ஆம் ஆண்டு முதல் ஏப்ரல் 15 இலிருந்து 45 நாட்களாக இருந்த இத்தடை, 2017 இலிருந்து சூன் 14 வரை 61 நாட்களாக நீட்டிக்கப்பட்டது. தடை மீன்களின் இனப்பெருக்கத்தைக் கருதி விதிக்கப்பட்டதாயினும், அதன் தொடக்கமும் முடிவும் ஏறக்குறைய சித்திரை முதல் நாளுடனும் வைகாசி இறுதி நாளுடனும் பொருந்தி வருவது குறிப்பிடத்தக்கது. இதன் விளைவாக, கோட்டைப்பட்டினம், செகதாப்பட்டினம் ஆகிய துறைகளின் விசைப்படகுகள் கரையில் நிற்க, இளவேனிலில் கடலுக்குச் செல்பவை பெரும்பாலும் நாட்டுப்படகுகளே. ஆகவே இப்பருவத்துக் கடல் வானிலை அறிவிப்பு சிறு படகினருக்கே முதன்மையாகப் பயன்படுகிறது.

அமைவிடமும் கடலும்

கோடியக்கரையிலிருந்து மேற்கு நோக்கி முத்துப்பேட்டை வரை பாக்கு விரிகுடாவின் கரை தெற்கு நோக்கி அமைந்துள்ளது. பின்னர் அது தென்மேற்காக வளைந்து அதிராம்பட்டினம், கட்டுமாவடி, மணமேல்குடி, மீமிசல் வழியாகத் தொண்டியை நோக்கிச் செல்கிறது. மீமிசலில் கடல் கிழக்கிலும் தென்கிழக்கிலும் உள்ளது. இவ்வமைப்பினால் மீமிசலின் கடற்காற்று கிழக்கு அல்லது தென்கிழக்கிலிருந்து வீசுகிறது. முத்துப்பேட்டைப் பகுதியிலோ அது தெற்கிலிருந்து வீசுகிறது.

பாக்கு விரிகுடா மிகவும் ஆழம் குறைந்த கடலாகும். இதன் சராசரி ஆழம் சுமார் 9 மீட்டர் மட்டுமே. ஆழமற்ற நீர் விரைவில் சூடேறுவதால், ஏப்ரல், மே மாதங்களில் கடல் மேற்பரப்பு வெப்பநிலை 30 பாகை செல்சியசைக் கடக்கிறது. 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் கோடையில் இவ்விரிகுடாவின் பவளப் பாறைகள் வெளிறிப்போனமைக்கு இதுவே காரணமாகும். கரையோரத்தின் கடற்புல் படுகைகளில் ஆவுளியா எனப்படும் கடற்பசு வாழ்கிறது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022 செப்டெம்பரில் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது.

கடல் இவ்வாறு சூடாக இருப்பதன் விளைவு ஒன்றுண்டு. அதிலிருந்து வரும் காற்று வெப்பத்தைத் தணிக்கிறதாயினும் குளிர்ந்த காற்றன்று. நீராவி நிறைந்த காற்றாகும்.

கடற்காற்றும் மேற்குக் காற்றும்

பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று விரிந்து மேலெழ, அவ்விடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று உட்புகுகிறது. இது கடற்காற்று. இரவில் நிலம் விரைவாகக் குளிர்வதால் திசை மாறி, நிலத்திலிருந்து கடலுக்கு மென்மையான கரைக்காற்று வீசுகிறது. இயந்திரம் பொருத்தப்படுவதற்கு முன்னர், பாய்மரப் படகுகள் விடியற்காலையில் கரைக்காற்றில் சென்று பிற்பகலில் கடற்காற்றில் திரும்புவது வழக்கமாக இருந்தது.

இந்த எளிய பொறிமுறைக்கு மேலாக, தென்னிந்தியா முழுவதற்குமான பெரிய காற்றோட்டம் ஒன்றும் உள்ளது. மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் தரையையொட்டிய இக்காற்று பெரும்பாலும் தென்கிழக்கிலிருந்து வருகிறது. அது கடற்காற்றின் திசையிலேயே செல்வதால் அதற்குத் துணைநிற்கிறது. இந்நாட்களில் கடற்காற்று முற்பகலிலேயே கரையேறி, வெப்பநிலை மேலும் உயராமல் தடுத்துவிடுகிறது. மே மாத நடுவிலிருந்து நிலைமை மாறுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று உருவாகத் தொடங்கியதும், மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து, சிறப்பாகப் பாலக்காட்டுக் கணவாய் வழியாக, மேற்குக் காற்று கரூர், திருச்சிராப்பள்ளி சமவெளியில் வலுவாக வீசுகிறது. சூடான நிலத்தின் மேல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தவழ்ந்து வரும் இக்காற்று கடற்கரையை அடையும்போது வறண்டு கொதிக்கிறது. கடலோர மீனவர்கள் மேற்குத் திசைக் காற்றைக் கச்சான் என்றும், கிழக்குக் காற்றைக் கொண்டல் என்றும், தெற்கிலிருந்து வருவதைச் சோழகம் என்றும், வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும் அழைப்பர். வாடை, கொண்டல் என்பன சங்க இலக்கியத்திலேயே காணப்படும் பெயர்களாகும்.

கச்சான் வலுவாக இருக்கும் நாளில் கடற்காற்று கரையைக் கடக்க இயலாமல் கடலிலேயே காத்திருக்கிறது. நண்பகல் கடந்து, ஒரு மணி, இரண்டு மணி, சில நாட்களில் மூன்று மணி வரையிலும் தாமதமாகிறது. இந்தத் தாமதத்தின்போதே வெப்பநிலை உச்சத்தைத் தொடுகிறது. சென்னை நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று பதிவான 45.0 பாகை செல்சியசு, கடற்கரை நகரம் ஒன்று மேற்குக் காற்றின் பிடியில் எந்த அளவுக்குச் செல்லக்கூடும் என்பதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டாகும்.

வெக்கையும் புழுக்கமும்

தமிழில் வெக்கை, புழுக்கம் என்னும் இரு சொற்கள் வெவ்வேறு நிலைகளைக் குறிக்கின்றன. முன்னது வறண்ட சூடு. பின்னது ஈரம் கலந்த சூடு. வெப்பமானி இரண்டையும் வேறுபடுத்திக் காட்டுவதில்லை. மனித உடல் வியர்வை ஆவியாவதன் மூலமே தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. காற்றில் ஏற்கனவே நீராவி மிகுந்திருந்தால் வியர்வை உலர்வதில்லை.

ஐக்கிய அமெரிக்காவின் தேசிய வானிலைச் சேவை பயன்படுத்தும் வெப்பச் சுட்டெண் வாய்ப்பாட்டின்படி, 40 பாகை செல்சியசு வெப்பமும் 20 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள உள்நாட்டு ஊரொன்றில் உடல் உணரும் வெப்பம் 39 பாகையை ஒட்டியே இருக்கும். 35 பாகை வெப்பமும் 60 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள கடற்கரை ஊரில் அது 45 பாகையாகிறது. நிழலில், மெல்லிய காற்றில் இருப்பவருக்கான கணக்கு இது. வெயிலில் நிற்பவருக்கு இன்னும் கூடுதலாகும். செய்திகளில் திருச்சிராப்பள்ளி முதலிடத்திலும் கடலோர ஊர்கள் பட்டியலுக்கு வெளியிலும் இருக்கும் நாளில், உண்மையில் கூடுதல் இடருக்குள்ளாவது கடலோரத்தில் உழைப்பவராக இருக்கலாம்.

அலுவல் முறையிலான வரையறையும் இதற்கு முழுமையான விடையளிப்பதில்லை. கடலோர நிலையம் ஒன்றில் வெப்ப அலை எனக் கருதப்படுவதற்கு, உச்ச வெப்பநிலை குறைந்தது 37 பாகையாகவும், இயல்பைவிட 4.5 பாகையோ அதற்கு மேலோ கூடுதலாகவும் இருத்தல் வேண்டும். சமவெளியில் 40 பாகை என்பது அடிப்படை. வானிலைத் துணைக்கோட்டம் ஒன்றில் குறைந்தது இரண்டு நிலையங்களில், தொடர்ந்து இரண்டு நாட்கள் இந்நிலை நீடித்தால் இரண்டாம் நாளில் வெப்ப அலை அறிவிக்கப்படும். மேற்கூறிய 35 பாகை நாள் இவ்வரையறைக்குள் வராது. இக்குறையை ஈடுசெய்யும் வகையில், வெப்பமும் ஈரப்பதமும் ஒருசேர மிகும்போது அசௌகரியம் ஏற்படக்கூடும் என்னும் தனி எச்சரிக்கையை வானிலை ஆய்வு மையம் வெளியிடுகிறது. செய்தித்தாள்களில் அது பெரும்பாலும் கடைசி வரியில் இடம்பெறுவதால் கவனிக்கப்படாமல் போகிறது. கடலோர வாசகர் முதலில் படிக்க வேண்டிய வரி அதுவே.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத் தாக்குதலால் உயிரிழந்தவர்களின் குடும்பங்களுக்கு நிவாரணம் வழங்க இது வழிசெய்கிறது.

உப்பளத் தொழில் இவ்விரு வெப்பங்களுக்கும் இடையிலான முரணை நன்கு காட்டுகிறது. கடல்நீரின் அடர்த்தி பாமே அளவுகோலில் சுமார் 3 பாகை. உப்பு படியத் தொடங்குவது சுமார் 25 பாகையில். இந்த இடைவெளியைக் கடப்பதற்கு நீர் ஆவியாக வேண்டும். வறண்ட கச்சான் காற்று இதனை விரைவுபடுத்துகிறது. ஈரமான கொண்டல் தாமதப்படுத்துகிறது. எனவே பாத்திக்கு உகந்த நாள், வெள்ளைப் பரப்பிலிருந்து எதிரொளிக்கும் வெயிலில் உப்பு வாருபவருக்கு உகந்த நாளாக இருப்பதில்லை. கடினமான வேலைகள் விடியலை ஒட்டியே முடிக்கப்படுவதன் காரணம் இதுவாகும்.

கோடை இடிமழை

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதியை வடகிழக்குப் பருவமழை அளிக்கிறது. மார்ச்சு முதல் மே வரை மாநிலத்தில் சராசரியாகப் பெய்வது சுமார் 125 மில்லிமீட்டர் மட்டுமே. அதிலும் கடலோரம் பெறும் பங்கு ஆண்டுக்கு ஆண்டு பெரிதும் மாறுபடுகிறது.

கரையேறிய கடற்காற்று உள்நாட்டில் மேற்குக் காற்றுடன் மோதும் இடத்தில் ஒடுங்கிய கோடு ஒன்று உருவாகிறது. அங்கே காற்று மேலெழுந்து இடிமேகங்கள் வளர்கின்றன. கடற்காற்று முற்பகலிலேயே நுழைந்திருந்தால், மாலைக்குள் இக்கோடு அறந்தாங்கிக்கும் அப்பால் சென்றிருக்கும். மழையும் அங்கேயே பெய்யும். மீமிசலின் மேல் அப்போது இருப்பது கடற்காற்றினால் சற்றுக் குளிர்ந்த, நிலையான காற்றடுக்காகும். உள்நாட்டிலிருந்து நகர்ந்து வரும் மேகங்கள் அதன் மேல் வந்ததும் வலுவிழந்துவிடுகின்றன. மேற்கு வானில் மின்னலைப் பார்த்துக்கொண்டே துளி மழையும் பெறாத மாலைகள் இதனால் ஏற்படுகின்றன. கடற்காற்று தாமதமாகும் நாட்களிலோ மோதற்கோடு கரைக்கு அருகிலேயே நிற்கிறது. மேல்மட்டக் காற்றும் மேற்கிலிருந்து வீசுமாயின், இரவில் இடிமழை கடலோரத்தைத் தாண்டிக் கடலுக்குள்ளும் செல்லும்.

இம்மழை வெப்பத்தைத் தணிக்கிறது. குளங்களுக்குப் பெரிதாக நீர் சேர்ப்பதில்லை. உப்பளங்களுக்கு இது இழப்பாகும். ஒரு மணி நேர மழை, வாரக்கணக்கில் அடர்த்தியேற்றிய நீரை மீண்டும் நீர்க்கச் செய்து, படிந்த உப்பையும் கரைக்கிறது. இறால் பண்ணைகளில் குளத்து நீரின் உப்புத்தன்மையும் வெப்பமும் திடீரெனக் குறைந்து இறால்கள் பாதிக்கப்படுகின்றன.

மழையைவிடக் கவலைக்குரியது மின்னலாகும். உப்பளமும் கடலும் மேடுபள்ளமற்ற பரப்புகள். அங்கே நிற்கும் மனிதரோ படகோ சுற்றுவட்டாரத்தில் மிக உயரமான பொருளாக அமைந்துவிடக்கூடும். இடியோசை கேட்கும் தொலைவில் இருப்பவர் மின்னல் தாக்கும் தொலைவிலும் இருக்கிறார் என்பது பொதுவான விதி. கடைசி இடியோசைக்குப் பின்னர் 30 நிமிடங்கள் கழித்தே வெளியில் வருவது பாதுகாப்பானது. தனித்து நிற்கும் பனைமரத்தடி ஒதுங்குவதற்கு ஏற்ற இடமன்று. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் கழகம் உருவாக்கிய தாமினி என்னும் கைபேசிச் செயலி, 20 முதல் 40 கிலோமீட்டர் சுற்றளவில் மின்னல் நிகழும்போது எச்சரிக்கிறது.

கடல்நிலை

இராமேசுவரம் பகுதி மீனவர்கள் பாக்கு விரிகுடாவைப் பெண் கடல் என்றும் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் அழைக்கின்றனர். இலங்கைத் தீவும் ஆதாம் பாலம் எனப்படும் மணல் திட்டுகளும் பெருங்கடலின் நெடிய அலைகளைத் தடுத்துவிடுவதால் பாக்கு விரிகுடா அடங்கியிருக்கிறது. கள்ளக்கடல் எனப்படும் தொலைதூர அலையெழுச்சி இதற்குச் சான்றாகும். தெற்கு இந்தியப் பெருங்கடலில் எழும் அலைகள் உள்ளூரில் காற்றே இல்லாத வேளையில் கரையைத் தாக்குவது கள்ளக்கடலாகும். 2024 மே தொடக்கத்தில் கேரளத்திலும் கன்னியாகுமரியிலும் கடல் இவ்வாறு சீறியது. ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இதற்கான எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. மீமிசல் கரை இவ்வகைத் தாக்கத்திலிருந்து பெரும்பாலும் காக்கப்பட்டுள்ளது.

ஆயினும் அடங்கிய கடல் என்பது ஆபத்தற்ற கடல் என்று பொருள்படாது. ஆழம் குறைந்த நீரில் காற்று வீசியவுடன் குறுகிய, செங்குத்தான அலைகள் விரைவாக எழுகின்றன. கச்சான் வீசும் நாட்களில் மற்றொரு ஏமாற்றும் உண்டு. காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோர நீர் தட்டையாகத் தோன்றும். கரையில் நின்று பார்ப்பவருக்குக் கடல் அமைதியாகவே தெரியும். தொலைவு செல்லச் செல்ல அலை பெருகுகிறது. இயந்திரம் பழுதாகிவிட்டால், கடற்காற்று நாளில் படகு கரையை நோக்கி ஒதுங்கும். கச்சான் நாளில் அது கிழக்கே, நடுக்கடலை நோக்கித் தள்ளப்படும். காற்றின் வேகம் மட்டுமின்றித் திசையையும் அறிந்து செல்வது இதனால் இன்றியமையாததாகிறது.

புயல்கள்

இக்கரையைத் தாக்கிய பெரும் புயல்கள் வடகிழக்குப் பருவத்தைச் சேர்ந்தவை. தனுசுக்கோடியை அழித்த 1964 திசம்பர்ப் புயலும், புதுக்கோட்டை மாவட்டத்தில் பெருஞ்சேதம் விளைவித்த 2018 நவம்பர் 16 கசா புயலும் அவ்வாறானவை. இளவேனிலில் வங்காள விரிகுடாவில் உருவாகும் புயல்கள் பெரும்பாலும் வடக்கு நோக்கித் திரும்பி ஆந்திரம், ஒடிசா, வங்காளம், மியான்மர் கரைகளைச் சென்றடைகின்றன. 2019 ஏப்ரல் இறுதியில் உருவான பானி புயல் முதலில் வட தமிழகத்தை நெருங்கும் எனக் கருதப்பட்டது. பின்னர் அது திசைமாறி மே 3 அன்று ஒடிசாவின் பூரி அருகே கரையைக் கடந்தது. இவ்வாறு விலகிச் செல்லும் புயல், தமிழகத்துக்கு மழை தராததுடன், மேற்குக் காற்றைத் தன்பால் இழுத்துக் கடலோரத்தின் கடற்காற்றையும் நலிவுறச் செய்யக்கூடும். புயல் வரும் என்னும் செய்தியை மழைச் செய்தியாகக் கொள்வது இப்பருவத்தில் பொருந்தாது.

முன்னறிவிப்பை வாசித்தல்

மீமிசலில் மழைமானி நிலையம் உள்ளது. வெப்பநிலை, காற்று ஆகியவற்றுக்கு அருகிலுள்ள வானிலை நிலையங்கள் தெற்கே தொண்டியிலும் வடக்கே அதிராம்பட்டினத்திலும் அமைந்துள்ளன. காரைக்காலின் டாப்ளர் ரேடார் சுமார் 135 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. சென்னையிலுள்ள மண்டல வானிலை ஆய்வு மையம் மாவட்ட வாரியான முன்னறிவிப்பையும், அடுத்த மூன்று மணி நேரத்துக்கான உடனடி அறிவிப்பையும் வெளியிடுகிறது.

அறிவிப்புகளில் வரும் சொற்கள் துல்லியமான பொருளுடையவை. ஓரிரு இடங்களில் மழை என்றால் நிலையங்களில் கால் பங்கு வரை மழை பதிவாகலாம் என்று பொருள். ஒரு சில இடங்கள் என்பது பாதி வரை. அநேக இடங்கள் என்பது முக்கால் பங்கு வரை. பெரும்பாலான இடங்கள் என்பது அதற்கும் மேல். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் இடிமழை என்னும் இளவேனில் அறிவிப்பு, கடற்காற்று முற்பகலிலேயே வந்துவிட்ட நாளில், கடலோரத்துக்கு மழையில்லை என்பதற்கு நெருக்கமாகவே இருக்கும். அறிவிப்பு பொய்த்துவிட்டது என இதனைக் கருதுதல் முறையன்று. மழை மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் பெய்திருக்கும்.

பருவம் தொடங்கும் முன்னர் வெளியிடப்படும் பருவகால முன்னோக்கு வேறு வகையைச் சேர்ந்தது. வெப்பநிலை இயல்பைவிடக் கூடுதலாக, இயல்பாக, குறைவாக இருப்பதற்கான நிகழ்தகவுகளை அது தருகிறது. எத்தகவலும் இல்லாத நிலையில் மூன்றுக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 33 விழுக்காடு என்பதால், 50 விழுக்காடு என்பது ஓரளவு சாய்வை மட்டுமே காட்டுகிறது. ஒரு குறிப்பிட்ட வாரத்தைப் பற்றி அது எதையும் கூறுவதில்லை. 2025 மே 26 இல் அறிமுகமான பாரத் முன்னறிவிப்பு அமைப்பு, முன்பிருந்த 12 கிலோமீட்டர் கட்டங்களுக்கு மாறாக 6 கிலோமீட்டர் கட்டங்களில் கணிக்கிறது. கடற்காற்றின் முன்விளிம்பு சில கிலோமீட்டர் அகலமே உடையதாகையால், இக்கரைக்கு இம்முன்னேற்றம் பொருளுள்ளதாகும்.

பருவ முடிவு

கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் இயல்பான நாள் சூன் 1. 2023 இல் அது சூன் 8 அன்றும், 2025 இல் மே 24 அன்றும் தொடங்கியது. மலையின் மறுபக்கத்தில் மழை பொழியும்போது மீமிசலில் மேகமூட்டமும் பலத்த கச்சானும் காணப்படுகின்றன. வெப்பம் உடனே குறைவதில்லை. சூன் மாதத்திலும் கடற்காற்று தாமதமாகும் நாட்கள் தொடர்கின்றன. மன்னார் வளைகுடா கொந்தளிக்கும் இம்மாதங்களில் பாக்கு விரிகுடா ஒப்பளவில் அடங்கியிருப்பதால், சூன் 14 நள்ளிரவில் தடைக்காலம் முடிந்ததும் இதன் துறைகளிலிருந்து விசைப்படகுகள் மீண்டும் கடலுக்குச் செல்கின்றன.